உட்கார்ந்து பார்க்காத சோபா

சோபாக்காரருக்கு ஒரு பிடிவாதம். பட்டறையில் தயாராகும் எந்த இருக்கையானாலும் தானே தொப்பென்று உட்கார்ந்து நாலு குதி குதித்துப் பார்க்காமல் வெளியே அனுப்பமாட்டார். மெத்தையைத் தாங்க அடியில் இழுத்து அடித்த நாடா முனகினால் போச்சு, பிரித்து மறுபடி அடிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன், புராஸ்டேட் சுரப்பியை எடுத்துவிட்டு வந்த பிறகு நின்றுகொண்டே வேலை பார்த்தார். இருமினால் சிறுநீர் கசிந்தது. ஊரார் சோபாவை நனைத்துவிட்டால் மானம் என்னாவது?

மருத்துவர் விளக்கமாகத்தான் சொல்லியிருந்தார். "அடிவயிறு முடியிற இடத்துல ஒரு எலும்பு தட்டுப்படுதில்ல? அதுக்குப் பின்னாலேர்ந்து ரெண்டு சின்னத் தசைநார் புராஸ்டேட் இருந்த இடத்துக்குப் போகுது. சிறுநீர்க் குழாயை இடம் மாறாம தாங்குறது அதுதான். அதை முடிஞ்சவரைக்கும் வெட்டாம விட்டிருக்கேன், சீக்கிரம் தேற அது உதவும். குழாயை மூடுறது சுத்தியிருக்கிற தசை. அதுக்குத்தான் பயிற்சி."

அவர் மனதில் தங்கியதோ அந்த நார் மட்டும். சோபாச் சட்டத்தில் இழுத்து அடிக்கிற நாடாதானே இதுவும் என்று, விடிந்ததிலிருந்து கீழே இறுக்கிப் பிடித்தபடியே திரிந்தார். பொழுது சாய்ந்தால் கசிவு இன்னும் கூடியது.

"பட்டறையை மூடிடலாம்" என்றார் ஒருநாள்.

தையல் மெஷினிலிருந்து மனைவி நிமிர்ந்தாள். "மூஞ்சி ஏன் மூட்டை தூக்கினாப்ல இருக்கு?"

"இறுக்கிட்டிருக்கேன்டி."

"எப்பலேர்ந்து?"

"பல் தேய்ச்சதுலேர்ந்து."

"நல்லாருக்கு! இறுக்கு, விடு, ஓய்வு குடுன்னு டாக்டர் சொன்னப்ப நானும் பக்கத்துலதானே இருந்தேன்? இறுக்குங்கிறதோட காதை மூடிக்கிட்டீங்களா? நார் தாங்கும், அதை நீங்க இழுக்கவே வேணாம். பாடுபடுறது தசை. நாள் பூரா பிழிஞ்சா அது களைச்சுப் போகாதா?"

அவர் இறுக்கத்தை மெல்ல விட்டார். மூஞ்சியும் சேர்ந்து தளர்ந்தது.

அதன்பின் முறையாக இறுக்கினார், விட்டார். வாரங்கள் போகப் போகக் கசிவு குறைந்தது. ஆனாலும் உட்காரவில்லை.

பல் மருத்துவர் வீட்டுக்கு ஒரு சோபா தயாரானது. பால் வெள்ளைத் துணி. ஏற்றிப்போக வண்டிக்காரர் வந்து நின்றார். மனைவி பழைய போர்வையை விரித்து, "உட்காருங்க" என்றாள்.

அவர் போர்வையை உருவி எறிந்தார். "இது கிடந்தா நாடா சத்தம் எப்படிக் கேக்கும்?"

தொப்பென்று உட்கார்ந்தார். நாலு குதி. வேண்டுமென்றே ஓர் இருமல். எழுந்து துணியைத் தடவினார். காய்ந்திருந்தது.

வண்டிக்காரர் கயிற்றை எடுத்தார். "ஏத்தலாமா அண்ணே?"

"அவசரப்படாதே தம்பி. இடது பக்கம் முனகுது, பிரிக்கணும்."