ஜெபத்தின் நடுவே ஒரு நண்டு

எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்ததிலிருந்து தெருவில் பார்ப்பவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு மனந்திரும்பிட்டாளே" என்கிறார்கள். நானும் தலையாட்டி வைக்கிறேன்.

சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகள் லீவுக்கு வந்தாள். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கியவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது, அங்கே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறாயா என்று சும்மா கேட்டேன்.

"போறதில்ல நைனா. நம்புறேனா இல்லியானு எனக்கே தெர்ல. தெரியாம போய் உக்கார்றது பொய்யி இல்லியா?"

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அதுக்கு இன்னாத்துக்கு ரோட்ட பாக்காம ஓட்ற?" என்றாள்.

எனக்குத் தெரிந்த விசுவாசம் எல்லாம் வெளியே தெரிகிற சமாச்சாரம். கண்ணை மூடுவது, முக்காடு போடுவது, வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடப்பது. அவளிடம் அதெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருந்தது. உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் போதகரிடம் ரகசியமாகச் சொல்லி அழுதேன். வீட்டிலேயே ஜெபம் வைத்துவிடலாம் என்றார்.

வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டுமே. பக்கத்து வீட்டுக்காரி ஏரியில் இறங்கிக் கையால் தடவிப் பிடித்த நண்டுகளை நைலான் பையில் கட்டிக் கொண்டுவந்து சமையலறை வாசலில் வைத்தாள். நான் முடிச்சைத் தொட்டதும் முறைத்தாள்.

"பைய தொடாதண்ணே. அதுங்க ஜெபத்துக்கு வரல, கொழம்புக்கு வந்துக்குதுங்க."

ஆனாலும் மூச்சு முட்டிச் செத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கவலை. அவள் அந்தப் பக்கம் போனதும் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.

எல்லோரும் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். போதகர் நின்றபடி ஜெபிக்கத் தொடங்கினார். நான் கண்ணை மூடவில்லை. மகள் மூடுகிறாளா என்று பார்க்க வேண்டுமே. அவளும் மூடவில்லை. அவள் எங்கே பார்க்கிறாள் என்று திரும்பினேன். ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, போதகரின் வெறுங்காலை நோக்கிப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது.

கத்தினால் நான் கண்ணைத் திறந்திருந்தது ஊருக்கே தெரிந்துவிடும். ஞாயிறுதோறும் சபையில் வேதபாடம் வாசிக்கிறவன் நான். கத்தாவிட்டால் போதகரின் கட்டைவிரல் போய்விடும். மகள் என்னைப் பார்த்து, 'நல்லா ஜெபம் பண்ற' என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாள். பிறகு சத்தமில்லாமல் முட்டி போட்டு நகர்ந்துபோய், குனிந்து, நண்டைத் துப்பட்டாவோடு சேர்த்து அமுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் போதகர், "இந்த வீட்டுப் பிள்ளையின் இருதயத்தைத் தொடும் ஆண்டவரே" என்று சொல்லிக் கண்ணைத் திறந்தார். அவர் காலடியில் என் மகள் நெற்றி தரையில் பட, தோள் குலுங்க, கண்ணீர் வழியக் கிடந்தாள்.

"ஸ்தோத்திரம்" என்றார். குரல் உடைந்துவிட்டது. எல்லோரும் கண்ணைத் திறந்து பார்த்து, "ஸ்தோத்திரம்" என்றார்கள். என் மனைவி ஓவென்று அழுதாள். போதகர் மகளின் தலையில் கை வைத்து ஜெபத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். துப்பட்டாவுக்குள் நண்டு அவள் விரலைக் கவ்விக்கொண்டிருந்தது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆமென் வந்ததும் அவள் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். நான் மஞ்சளை எடுத்துக்கொண்டு ஓடினேன். நண்டு வாளியில் கிடந்தது. விரல் வீங்கி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"ஒரு வார்த்த கத்திருக்கலாமேம்மா."

"எப்டி கத்துறது? மனுசன் உருகி அழுதுனுகீறாரு. நண்டுனு சொன்னா அவுரு மூஞ்ச எங்க வெச்சிப்பாரு?"

மஞ்சளைக் குழைத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவ்ளோ நேரம் கீழ குனிஞ்சி இன்னா பண்ணினு இருந்த?"

"விட்டுடு, விட்டுடுனு கேட்டுனு இருந்தேன்."

"யாராண்ட? நண்டாண்டயா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"நண்டுக்கு ஏது நைனா காது?"

அப்படியானால் யாரிடம் என்று கேட்க வாயைத் திறந்தேன். அவள் விரலை நீட்டி, "மஞ்ச வெய்யி, எரியிது" என்றாள். வைத்தேன். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.