மூடாத கேசிங்

ரெண்டு கிழமையா யூடியூப் பாத்து, மதர்போட்டுக்குப் பொருந்துற ரேமும் கூலரும் தேடிக் கொழும்பில இருந்து எடுப்பிச்சனான். இண்டைக்குப் பள்ளிமுனைக் கடற்கரையில இருக்கிற என்ர ஃபோட்டோ ஸ்டூடியோவில வச்சுப் புதுக் கொம்பியூட்டரைப் பூட்டினன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில பிள்ளையள் முதல் நன்மை வாங்கிற வீடியோவை இதிலதான் எடிட் பண்ணவேணும்.

எல்லாம் பொருந்தினது. கேசிங், அதுதான் வெளிப்பெட்டி, அதின்ர மூடிதான் மூடேல்லை.

வடிவுக்கெண்டு நான் எடுத்த ரேம், லைட் எரியிற உயரமான ரேம். கூலரின்ர ஃபேன் அதில முட்டி, ஒரு விரல் அளவு வெளியால நிக்குது. உயரத்தை நான் பாக்கவே இல்லை.

"திறந்தபடியே ஓடட்டும்" எண்டன்.

"இந்த உப்புக்காத்திலயோ? இரும்பெல்லாம் கறள் பிடிச்சிடும்!"

சொன்னது, அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்து கதிரையில காத்திருந்த அண்ணை. போட் எஞ்சின் திருத்துறவர். போன மாசம்தான் இந்தியாவில அகதி முகாமில இருந்து ஊருக்குத் திரும்பி வந்தவர்.

எழும்பி வந்து எட்டிப் பாத்தார். "காத்து எங்கால போகவேணும்?"

"பின்னால."

"அப்ப ஃபேனைக் கழட்டிக் கூலருக்குப் பின்பக்கம் பூட்டுங்கோ தம்பி. அங்கையிருந்து இழுக்கட்டும்."

பூட்டினன். மூடி மூடிச்சுது. சூடும் ஏறேல்லை.

பிறகு அவரை இருத்திப் படம் எடுத்தன். புதுக் கொம்பியூட்டரில அதைப் பெருசாக்கிப் பாத்தவர், தன்ர வழுக்கையைத் தடவினார்.

"இந்தியாவுக்குப் போகேக்க தலை நிறைய மயிரோட போனனான் தம்பி. இவ்வளவு பெலமான கொம்பியூட்டர், அதைத் திருப்பித் தராதோ?"

படத்தை மாத்தினது அடையாள அட்டை குடுக்கிற கந்தோரில பிடிபட்டா ஆர் பதில் சொல்லுறது? எண்டாலும் கை மவுசிலயே நிக்குது. நீங்களே சொல்லுங்கோ, மயிரை வைக்கட்டோ, விடட்டோ?