வெளிச்சத்தை நம்பி ஊர் தேடுகிறவர்கள்

இரவில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் எங்கே வெளிச்சம் கூடுகிறதோ, அங்கே ஊர் வளர்கிறது என்று சொல்வது எங்கள் தொழில். திருவண்ணாமலையில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் ஆறு மாத ஒப்பந்தம் எனக்கு. ஒப்பந்தத்தில் காலம் தள்ளும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: வரைபடம் தேறினால் வேலை நீளும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். "வேலை நிலைச்சிடும்லம்மா?" என்று அம்மா தினமும் போனில் கேட்பார்.

மலையைச் சுற்றி ஒரு நகரம்

இதை நான் பார்க்கவில்லை. பக்கத்து மேசை ரேவதி அக்கா சொன்னது. எனக்கு முன் இருந்தவர் வெளியூர்க்காரர். படத்தில் இருட்டைச் சுற்றி மோதிரம் போல வெளிச்சம் தெரிந்ததும், அடி அண்ணாமலை வழியாகப் புது நகரம் உருவாகிறது என்று எழுதிவிட்டார். அது கிரிவலப் பாதையின் தெருவிளக்கு. மேலாளர் படித்துவிட்டுக் கேட்டாராம்: "என்ன சார், நடந்து போறவங்களை எல்லாம் அங்கயே குடி வெச்சுட்டீங்களா?"

கம்பங்கள் மட்டும்

என் படத்தில் செங்கம் சாலைப் பக்கம் ஓரிடம் திடீரென்று பிரகாசித்தது. நேரில் போய்ப் பார்த்தோம். மனைப்பிரிவு. வரிசையாக விளக்குக் கம்பங்கள், நடுவில் மேயும் எருமை. வீடு ஒன்றுகூட இல்லை. மனை விற்பவர் சோடா வாங்கிக் கொடுத்தார். வளர்ச்சியைப் பார்க்க வந்தோம் என்றேன். "லைட்டு போட்டாச்சுல்லங்க, இனிமே வளரும். கார்னர் பிளாட் ஒண்ணு எடுத்து வைக்கவா?"

வேங்கிக்கால் மங்கியது

ஒப்பந்தம் முடியும் வாரத்தில் இன்னொரு சிக்கல். புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கும் வேங்கிக்கால், படத்தில் போன வருஷத்தைவிட மங்கலாக இருந்தது. "ஜாஸ்தி யோசிக்காத, வந்ததை அப்படியே குடுத்துடு" என்றார் ரேவதி அக்கா. மனம் கேட்கவில்லை. மனைப்பிரிவை நீக்கினேன். வேங்கிக்காலை வளர்ச்சி மையமாகக் குறித்து, 'படத்தில் மங்கக் காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

மேலாளர் குடியிருப்பதே வேங்கிக்காலில்தான். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "தேயுதுன்னு படம் சொல்லுது, வளருதுன்னு நீங்க சொல்றீங்க, ஏன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. இதை நான் யார்கிட்டங்க காட்டறது? இன்னும் மூணு மாசம் இருந்து காரணத்தைக் கண்டுபிடிங்க."

பிறகு சரிபார்த்தேன்: அங்கே மஞ்சள் தெருவிளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டிருந்தார்கள், அந்த வெள்ளையில் கலந்திருக்கும் நீல வெளிச்சம் எங்கள் செயற்கைக்கோளின் கண்ணில் படாது, ஆக, பல்பு மாற்றியதில் ஓர் ஊர் தேய்ந்து, என் வேலை மூன்று மாதம் வளர்ந்தது.