மேடையில் காய்ந்த மருந்து

ஏழாம் வகுப்பு அறிவியலில் ஒரு பாடம் இருக்கிறது. பூமி தானாகச் செய்வது எது, மனிதர் பூமிக்குச் செய்வது எது என்று பிரித்துக் காட்டும் பாடம். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டால் பாதி வேலை முடிந்தது. இடப்பக்கம் மழை, காற்று, நிலநடுக்கம். வலப்பக்கம் கல்குவாரி, ஆழ்துளைக் கிணறு, கண்மாயில் அள்ளிய மண். இப்படிக் கோடு போட்டுப் பிரிக்கச் சொன்னவர்கள் எங்கள் நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசு சீசனாவது குடியிருந்து பார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனாலும் சம்பளம் வாங்குகிறேனே, வருடாவருடம் போட்டுவந்தேன்.

அந்தப் புரட்டாசியில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே மேற்கே மலைப்பக்கம் கருத்துவிட்டது. காலையிலிருந்து கரிசல் மண் கொதித்துக் கிடந்தது. சூடான காற்று மேலே ஏறும், மேகம் திரளும், மின்னல் விழும் என்று முந்தைய பாடத்தில்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். முதல் இடி தூரத்தில் உருண்டதும் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்தினார்கள். எங்கள் பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறார்கள். எனக்கு அங்கே அக்கா இருக்கிறாள். அம்மா இறந்தபின் அந்த வேலைக்குப் போய்த்தான் என்னை டீச்சராக்கினாள்.

வானம் இருட்டினால் எல்லா ஊரிலும் ஆட்கள் கூரைக்குள் ஓடுவார்கள். பட்டாசுக் கம்பெனியில் வெட்டவெளிக்கு ஓடுவார்கள். வானத்தில் போய்ப் பூப்பூவாகச் சிதறுகிற வெடிகளுக்குள் வைக்கும் சிறு உருண்டைகளுக்கு மணி மருந்து என்று பெயர். அது தட்டுத்தட்டாக சிமெண்டு மேடையில் வெயிலில் காயும். நனைந்தால் வெறுமனே வீணாகாது. அலுமினியப் பொடி கலந்த மருந்து ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறி, யாரும் தீ வைக்காமல் பற்றிக்கொள்ளக்கூடும். அதனால் இடி கேட்டதும் ஆளாளுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கையில் மருந்து, தலைக்கு மேலே மின்னல். இடி இடித்தால் போட்டது போட்டபடி வெளியேற வேண்டும் என்று வாசலில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். தீபாவளி நெருங்கும்போது அதை யார் படிக்கிறார்கள்?

"டீச்சர், இடிய எந்தப் பக்கம் எழுத?" என்று முன்பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"இடப்பக்கம். அது இயற்கை," என்றேன். சொல்லும்போதே என்மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அக்காவைக் கூப்பிட வழியில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு இடிக்கும் வகுப்பே ஜன்னலைப் பார்த்தது, எங்காவது புகை தெரிகிறதா என்று. நானும் பார்த்தேன். வாய் பாட்டுக்குப் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளி விடும்வரை புகை எழவில்லை.

சாயங்காலம் அக்கா கம்பெனி வேனிலிருந்து தொப்பலாக நனைந்து இறங்கினாள். போன உயிர் எனக்குத் திரும்பியது. திரும்பியதும் கோபம்தான் வந்தது.

"தட்டைத் தூக்கப் போனியாக்கும்?" என்றேன், சோறு போட்டுக்கொண்டே.

"போகாம? மேடை நெறையக் கெடந்துச்சுல்ல. எல்லாருந்தான் ஓடுனோம். அம்புட்டையும் தூக்க முடியல, கடைசி வரிசை மட்டும் நனைஞ்சு போச்சு."

கரண்டியைக் கீழே வைத்தேன். "நனைஞ்சத என்ன பண்ணுனீக?"

"அழிச்சிருவோம்னுதான் சொன்னோம். ஆர்டர் நிக்குது, காலைல வெயில் வந்ததும் திரும்பக் காயப்போடுங்கன்னுட்டாரு போர்மேன். ஓரத்து ரூம்புல வச்சுப் பூட்டியாச்சு."

ஈர மருந்து பூட்டிய அறைக்குள் விடியவிடியக் கிடக்கப்போகிறது. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காலையில் கதவைத் திறக்கிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்த பிறகுதான் தெரிந்துகொள்வார்.

"யாரு தெறப்பா?"

"நாந்தான். மேடை வேலையில நாந்தான மூத்த ஆளு." ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினாள்.

"நாளைக்கு லீவு போடுக்கா. காய்ச்சல்னு சொல்லு. நனைஞ்சு வந்தத எல்லாரும் பாத்திருக்காக, நம்புவாக." கெஞ்சினேன். அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

அக்கா ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் பேசினாள். "நான் போகலன்னா எனக்கு அடுத்த ஆளு தெறப்பா. அவ மக ஒங்கிட்டதான் ஏழாப்புல படிக்குது."

யார் மகள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு முகம் தெரிந்துவிடும். "பரவால்ல, நீ லீவு போடு," என்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலையில் வேன் வருவதற்கு முன்னால் தன்னை எழுப்பிவிடும்படி என்னிடமே சொன்னாள்.