இரண்டாம் எதிர்மனுதாரர்

அண்ணனுக்குப் பழக்கமான வக்கீல் எனக்காக எழுதிவைத்திருந்த விவாகரத்து மனுவை, அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்தே படித்தேன். என் கணவர் குடித்துவிட்டு வந்து என்னை அடித்தார் என்று அதில் இருந்தது. கல்யாணமான மறுமாதத்திலிருந்தே கார் கேட்டுத் தொல்லை செய்தார் என்று இருந்தது. இரண்டாம் எதிர்மனுதாரரான மாமியார் என்னைப் பட்டினி போட்டார், கர்ப்பமாக இருந்தபோது தேங்காய் மூட்டை தூக்கவைத்தார், அதனால்தான் கரு கலைந்தது என்றும் இருந்தது.

அந்த வரியை மறுபடி படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"சார், இதுல ஒண்ணுகூட நடக்கலயே."

"நடந்துச்சா நடக்கலயாங்கிறத அப்புறம் பாத்துக்கலாம்மா. கோர்ட்டுக்கு ஒரு காரணம் வேணும்ல? சும்மா ஒத்துவரலன்னு எழுதுனா யாரு விவாகரத்து தருவா? இப்படிப் போட்டாதான் அவங்க பயந்துகிட்டு வழிக்கு வருவாங்க."

பக்கத்தில் இருந்த அண்ணன் பேனாவை என் பக்கம் நகர்த்தினான். "கையெழுத்தப் போடு. சார் பாக்காத கேஸா?"

"அத்தை என்னைப் பட்டினி போட்டாங்கன்னு நான் எப்படி எழுதிக் குடுக்கிறது?"

"நீயா எழுதுற? சார் எழுதியிருக்காரு. நீ போடு."

நான் போடவில்லை. திருக்காட்டுப்பள்ளிக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். எனக்காக வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்தவன். அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

என்னைக் கட்டிக்கொடுத்தது பேராவூரணிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. கணவர் ஒரே பிள்ளை, மாமனார் எப்போதோ காலமாகிவிட்டார். கல்யாணம் முடிந்து ஒன்றரை மாதத்தில் அவர் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போனார். அங்கே கப்பல் கட்டும் இடத்தில் வேலை. லீவு கிடைத்தால் வருவார், பெட்டி நிறையச் சாமான் இருக்கும், பழகத் தொடங்கும்போது கிளம்பும் நாள் வந்துவிடும். நான் குடும்பம் நடத்தியது என்றால் அது அத்தையோடுதான். அவர் சமைத்தால் நான் பாத்திரம் கழுவுவேன். சாயந்திரம் இரண்டு பேரும் கீற்று முடைந்துகொண்டே டிவி பார்ப்போம்.

கரு கலைந்ததும் அவர் சிங்கப்பூரில் இருந்தபோதுதான். மூன்றாம் மாதம். பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு என்னை வேனில் வைத்துக் கூட்டிப்போனது அத்தை. என் கட்டிலுக்குக் கீழே வெறும் தரையில் படுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு என் துணிகளை அவரே அலசினார். நான் கூச்சப்பட்டு எழுந்தபோது, "எனக்கொரு மக இருந்து அவளுக்கு இப்படி ஆனா பாக்க மாட்டனா? சும்மா படு" என்று அதட்டினார். கணவர் போனில் கேட்டது, "இப்ப எப்படி இருக்கு? சரி, உடம்பப் பாத்துக்க" என்பதுதான். அவருக்கும் வேறு என்ன சொல்வது என்று தெரிந்திருக்காது.

அப்புறம் புயல் வந்தது. விடிந்து கதவைத் திறந்தால் தோப்பு இல்லை, வானம்தான் தெரிந்தது. பாதிக்கு மேல் மரங்கள் வேரோடு சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். ஆள் வைத்து மரங்களை அறுத்து அப்புறப்படுத்தினார், கன்று வாங்கி நட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முதலில் ராத்திரி மட்டும் மோட்டார் கொட்டகையில் படுத்தார். பிறகு பகலிலும் அங்கேயே இருந்தார். நான் சோறு கொண்டுபோவேன். "வெச்சுட்டுப் போ" என்பார். சில நாள் அதுவும் இல்லை, கையைக் காட்டுவார்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்க்கலாம் என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கென்ன பைத்தியமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் விசாரிப்பதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அத்தை கொட்டகை வாசலில் போய் நின்று அழுதுகூடப் பார்த்தார்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. ஓர் ஆடிப்பெருக்குக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. அவர் வந்து கூப்பிடவும் இல்லை. அத்தை மட்டும் அவரிடம் நம்பர் போட்டுத் தரச் சொல்லிப் போன் செய்வார். "எப்பம்மா வர்ற?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், நாளாக ஆக, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அதுவும் நின்றுபோனது. நான் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்தேன்.

அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர்தான் என்னை இரண்டாவது வக்கீலிடம் அனுப்பினார். தஞ்சாவூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியறை. ஐம்பது வயதுப் பெண்மணி. அண்ணனிடம் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை போனேன்.

"அடிச்சாரா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"குடி?"

"கிடையாது."

"வேற யாரோடயாவது பழக்கம்?"

"இல்ல மேடம். அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பேச மாட்டாரு."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் பக்கத்து டீக்கடைக்குப் போன் போட்டு இரண்டு டீ சொன்னார். டீ வந்தது. நான் முதல் வக்கீல் எழுதிய மனுவைப் பற்றிச் சொன்னேன்.

"போடாம வந்தது நல்லது" என்றார். "அத ஃபைல் பண்ணிட்டா அவங்க பதிலுக்கு உங்களப் பத்தி எழுதுவாங்க. வருஷக்கணக்கா இழுக்கும். ரெண்டு பேரும் சேர்ந்தே ஒரு மனு போடலாம்மா. ஒரு வருஷத்துக்கு மேல பிரிஞ்சு இருக்கோம், சேர்ந்து வாழ முடியல, பிரியறதுக்கு ரெண்டு பேருக்கும் சம்மதம். இவ்வளவுதான் எழுதணும். யார் மேலயும் குத்தம் சொல்ல வேண்டியதில்ல. ஆனா அவரும் வரணும். வருவாரா?"

"தெரியல மேடம்."

"நோட்டீஸ் விட்டா வயசானவங்க பயந்துருவாங்க. மொதல்ல நான் பேசிப் பாக்கறேன். நம்பர் குடுங்க."

என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டார். தான் யார் என்று சொல்லி, விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் காக்கை கத்துவது மட்டும் கேட்டது. பிறகு என் கணவர் குரல்: "எப்ப வரணுங்க?"

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அந்தக் குரலைக் கேட்டு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வக்கீல் அவரிடம், "நான் இவங்களுக்கு வக்கீல். உங்களுக்கும் நானே ஆஜராகறது சரியா இருக்காது. நீங்க தனியா ஒருத்தர வெச்சுக்கங்க" என்றார்.

"எனக்கு எதுக்குங்க வக்கீல்? அவ என்ன சொன்னாலும் சம்மதம்."

"அப்படிச் சொல்றவங்களுக்குத்தான் கட்டாயம் வக்கீல் வேணும்" என்று, இரண்டு தெரு தள்ளி இருந்த ஒருவருடைய நம்பரை எழுதிக் கொடுத்து அவரை அப்போதே அனுப்பிவைத்தார்.

என்னிடமும் அப்படித்தான் கறாராக இருந்தார். ஜீவனாம்சம் வேண்டாம் என்று நான் சொன்னதும் உடனே எழுதிக்கொள்ளவில்லை. "இப்ப வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா பின்னாடி கேக்கறது கஷ்டம். ரோஷத்துல சொல்லாதீங்க. வீட்டுக்குப் போயி யோசிங்க" என்றார். யோசித்துவிட்டு, என் நகையும் சான்றிதழ்களும் மட்டும் போதும் என்றேன். அடுத்த முறை கணவர் இரண்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்றும் இருந்தது. அத்தை வைத்தது.

குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டோம். அந்த வராந்தாவில் எல்லோரும் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பார்கள், இந்தப் பக்கம் பெண் வீட்டார், அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார். எங்கள் இருவரோடும் யாரும் வரவில்லை. அதனால் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். ஆலோசனை சொல்லும் அம்மா இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் விசாரித்தார். நீதிபதி ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

அந்த ஆறு மாதத்துக்குள், கார்த்திகை அடைமழையில், அத்தை இறந்துபோனார்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கணவரே போன் செய்தார். "அம்மா போயிருச்சு" என்றார். நான் பேச வாயெடுப்பதற்குள், "வரணும்னு சொல்லல. உனக்குத் தெரியணும்ல, அதான்" என்று வைத்துவிட்டார்.

அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "இப்ப அங்க போனா சேர்ந்துட்டன்னு ஆயிரும். கேஸே கெட்டுரும். உன் இஷ்டத்துக்குத்தான எல்லாம் பண்ணுன? இதையாவது கேளு."

வக்கீலுக்குப் போன் செய்தேன். மழை இரைச்சலில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"துக்கத்துக்குப் போறது சேர்ந்து வாழறதா ஆகாதும்மா" என்றார். "சட்டப்படி நீங்க இன்னும் அந்த வீட்டு மருமகதான். போகணும்னு இருந்தா போங்க. முடியலன்னா அதுவும் தப்பில்ல. கேஸுக்காக எதையும் முடிவு பண்ணாதீங்க."

போனேன். தஞ்சாவூர் போய் பஸ் மாறினேன். ஒரத்தநாடு வரைக்கும் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் முழுகித் தண்ணீர் நின்றது. நான் பந்தலுக்குள் நுழைந்ததும் அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவருடைய சின்னம்மா, அத்தைக்குத் தங்கை, எழுந்து வந்தார்.

"கோர்ட்டுக்குப் போனவளுக்கு இங்க என்ன வேல?"

யாரோ ஒரு கிழவி, "ஒத்த மருமக. அவள விட்டா வேற யாரு தண்ணி எடுத்தாந்து குளிப்பாட்டுறது?" என்றாள். பேச்சு வளர்ந்தது. நான் நனைந்த புடவையோடு நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது அவர் உள்ளே வந்தார்.

"அவதான் எடுக்கணும்" என்றார். "அம்மா அவளத்தான் கேட்டுக்கிட்டே கெடந்துச்சு."

குடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அத்தையின் கால்கள் வீங்கியிருந்தன. எவ்வளவு நாளாக அப்படி என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் முடியவில்லை. தலைக்கு ஊற்றி, முகத்தைத் துடைத்து, வாய்க்கரிசி போட்டேன். அழுகை வரவில்லை. அது எப்போதோ ஒருநாள் வகுப்பறையில், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வந்தது.

சுடுகாட்டிலிருந்து அவர் மொட்டைத் தலையோடு திரும்பினார். குளித்துவிட்டு, நான் உட்கார்ந்திருந்த பின்கட்டுக்கு வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

"உனக்குப் போன் போட்டுத் தரச் சொல்லி அம்மா தினம் கேக்கும். நான்தான் போட்டுத் தரல."

"ஏங்க?"

"தந்தா நீ வந்துருவ. எனக்காக இல்ல, அம்மாவுக்காக. வந்து பழையபடி இங்கயே கெடப்ப."

அந்த மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அத்தைக்காகவாவது ஒரு தடவை போட்டுத் தந்திருக்கலாமே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் நான் கேட்டது வேறு. "மனுவ வாபஸ் வாங்கிரட்டுமா?"

அவர் தோப்பைப் பார்த்தபடி நின்றார். கன்றுகள் ஆள் உயரத்துக்கு வந்திருந்தன.

"வேணாம்" என்றார். "மழ மறுபடி வரப் போவுது. கடைசி பஸ் போறதுக்குள்ள கிளம்பு."

அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள் வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அந்த ஆறு மாசம் எதுக்குக் குடுக்கறாங்கன்னா இதுக்குத்தான். இப்பவும் மனச மாத்திக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நீங்க ஒருத்தர் சம்மதம் இல்லன்னு சொன்னாலே போதும், நான் நாளைக்கு அப்படியே சொல்லிர்றேன். என்னம்மா செய்யலாம்?"

திரும்பிப் போனால் அந்த வீட்டில் நானும் கொட்டகையில் அவருமாக இருப்போம், நடுவில் பேச ஆள் இருக்காது. அதை அவர் எனக்கு முன்பே நினைத்துப் பார்த்துவிட்டார் என்று தோன்றியது.

"சம்மதம்னே சொல்லிருங்க மேடம்."

தை மாதம். நீதிபதி இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. சேர்ந்து வாழ வாய்ப்பு உண்டா? நான் இல்லை என்றேன். அவரும் இல்லை என்றார். அவர் மெதுவாகச் சொன்னதால் நீதிபதி மறுபடி கேட்டார், அவர் மறுபடி சொன்னார். வெளியே வந்தபோது அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வாசலில் அவர், "பாத்துப் போ" என்றார். "நீங்க ஒரு டாக்டரப் பாருங்க" என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பொய் எழுதாமல் முடிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. அதைத் தவிர வேறு நிம்மதி எதுவும் கிடைக்கவில்லை. அண்ணன் என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறான். அந்த மாசியில் பெரியப்பா வீட்டில் ஒரு கல்யாணம். காலையில் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டே, "நீ வரணும்னு இல்ல. அங்க ஆளாளுக்கு எதாவது கேப்பாங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நான் போகவில்லை. அன்று முழுக்க எட்டாம் வகுப்புத் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். சாயந்திரம் அம்மா வந்து, பந்தியில் தனக்கு வைத்த ஜாங்கிரியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்ததை மேசைமேல் வைத்துவிட்டு, புடவை மாற்ற உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அதைப் பிரித்துச் சாப்பிட்டேன்.