களிமண்ணோடு நிறுத்திய கிணறு

மானகிரிப் பக்கம் எங்கள் தெருவில் எல்லாரும் குடிப்பது எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான். சென்ற கோடையில் அது வற்றியதும், தச்சுவேலை செய்யும் அப்பா ஆழப்படுத்த ஆள் அமர்த்தினார். செம்புறாங்கல் பாறைக்குக் கீழே களிமண் வந்தது. அதில் கடப்பாரையால் துளை போட்டதும் தண்ணீர் ஊறி ஏறியது. தெருவே குடத்தோடு வந்துவிட்டது.

கல்லூரியில் வேதியியல் படிக்கும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தத் தண்ணீரில் சோப்பைத் தேய்த்தேன், நுரையே இல்லை.

“அப்பா, களிமண்ண வெட்டாதீக. அதுக்குக் கீழ பாறையில கிடக்கிற தண்ணியில சுண்ணாம்பும் உப்பும் கரைஞ்சிருக்கு. அது கலந்தா மேல ஊறுற மழைத்தண்ணியும் கெட்டுப்போகும்.”

“புதுத்தண்ணி அப்படித்தான் இருக்கும். காலேசுக்குப் போனதும் கிணத்துக்கே பாடம் எடுக்கிறியாத்தா?”

வேலையாட்கள் சிரித்துக்கொண்டே கஞ்சி குடிக்க மேலே ஏறினார்கள். அந்த நேரத்தில் அம்மாவிடம், அந்தத் தண்ணீரிலேயே துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றச் சொன்னேன். எவ்வளவு கொதித்தும் பருப்பு கல்லாகவே கிடந்தது. அம்மா சட்டியோடு போய் அப்பா முன்னால் வைத்தாள்.

“இதைத்தான் தெருவுக்கே குடுக்கப் போறீகளா?”

அப்பா ஒரு பருப்பை நசுக்கிப் பார்த்தார். பிறகு கருவேலங்கட்டையில் ஆப்பு செதுக்கினார். அதைத் துளையில் அடித்து இறக்கி, மேலே களிமண்ணைப் பிசைந்து வேலையாட்கள் அப்பி அடைத்தார்கள். அந்தக் கோடை முழுவதும் தெரு மொத்தமும் தூரத்து ஊருணிக்கு நடந்தது. எங்களைத் திட்டாதவர் இல்லை.

மழைக்குப் பிறகு கிணறு ஊறியது. அந்தத் தண்ணீரில் போட்ட பருப்பு குழைந்து வெந்தது.

இப்போது எங்கள் பக்கம் யார் கிணறு வெட்டினாலும், களிமண் தட்டியதும் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். நான் ஒரு பிடி பருப்போடு போகிறேன்.