கீழே இழுத்த கட்டைவிரல்

சங்கராபுரத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் அடித்துத் தருவேன். இந்த இருபது வருடத்தில் மனுவில் முழு உண்மையை எழுதச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. "உடல்நிலை சரியில்லாத காரணத்தால்" என்ற மூன்று வார்த்தைகளை எடுத்துவிட்டால் பாதி அரசாங்கம் படுத்துவிடும். அதனால்தான் சவரியப்பன் அன்று காலை வந்து, துப்பாக்கி உரிமத்திலிருந்து தன் பெயரை நீக்க ஒரு மனு வேண்டும் என்றபோது, நான் கேட்காமலே அந்த மூன்று வார்த்தைகளை அடித்துவிட்டேன்.

"அத்த எடுத்துடுண்ணே. ஒடம்பு நல்லாத்தான் கீது."

"பின்ன இன்னா காரணம் போடறது?"

அவர் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

சவரியப்பன் ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஹவில்தாராகத் திரும்பியவர். மாதா கோயில் தெருவில் வீடு. மனைவி பவுலின் பால்வாடி டீச்சர். ஒரே மகன் ரெக்ஸ் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஊர் வந்து ஆறு மாதம் சும்மா இருந்து பார்த்தார், முடியவில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் கரும்பும் மரவள்ளியும் போட்டிருக்கும் செல்லமுத்துவிடம் காவலுக்குச் சேர்ந்தார். செல்லமுத்துவின் கைத்துப்பாக்கியை அவர் சார்பில் இவரும் எடுத்துப் போகலாம் என்று அனுமதி வாங்கிய மனு நான் அடித்தது. தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்கிற மனுவும், முடிந்ததும் திருப்பி வாங்குகிற மனுவும் நான்தான். தீபாவளித் துப்பாக்கிகூடச் சுட்டிராத எனக்கு அதன் நம்பர் மனப்பாடம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நடந்த விஷயத்தால் அவருக்கு ஊரில் மரியாதை கூடிப்போயிருந்தது. கரும்பு வெட்டு நேரம். செல்லமுத்துவின் லாரி போக, பக்கத்தில் குத்தகைக்கு மரவள்ளி போட்டிருந்த வீரமணியின் நிலத்தைத் தாண்ட வேண்டும். வாரம் முழுக்க இருவருக்கும் வாய்ச்சண்டை. அன்று லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தபோது, மரவள்ளிக் குச்சி வெட்டிக்கொண்டிருந்த வீரமணி கையில் கொடுவாளோடு கத்திக்கொண்டே ஓடிவந்தான். செல்லமுத்து எதிரே நின்றிருந்தார். சவரியப்பன் துப்பாக்கியை உருவிவிட்டார். வீரமணியோ இவர்கள் இரண்டு பேரையும் தாண்டி ஓடி லாரியின் பின்பலகையைத் தட்டினான். லாரிக்குப் பின்னால் வேப்பமர நிழலில், சாக்கில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது அவனுடைய மூன்று வயது மகள் தமிழ்மொழி.

சக்கரம் நின்றது. பிள்ளை பிழைத்தது. சண்டைக்கு வந்தவன் என்று நினைத்தும் சுடாமல் விட்டாரே என்று ஊரே சவரியப்பனைத் தூக்கி வைத்துப் பேசியது. செல்லமுத்துவும் வெட்கப்பட்டு லாரியை வேறு வழியாக விட்டுக்கொண்டார். வீரமணியின் மனைவி தேவிப்ரியாவுக்குக் கூடப்பிறந்த ஆண் துணை கிடையாது. அவர்கள் வெற்றிலைப் பாக்கோடு மாதா கோயில் தெருவுக்கே வந்து, பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமனாக நீங்கள்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். சவரியப்பனுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. சீர் கொண்டுபோக ஒரு வீடு இல்லையே என்று ஏங்கிய மனிதர் அவர். பவுலின் அன்றே பாவாடைத் துணி எடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான். அதை அன்று கடையில் வைத்துச் சொன்னார்.

"நான் சுட்டேன்ணே."

"யாரை?"

"வீரமணியத்தான். டிரிக்கர அமுத்துனேன். குண்டு வரல."

ஸ்டேப்ளரைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக் காட்டினார். "பட்டாளத்துல குடுத்த பிஸ்டல்ல, கட்டைவிரல் பக்கம் ஒரு சின்ன பிடி இருக்கும். மேல தள்ளுனா லாக்கு. கீழ தள்ளுனா சுடலாம். இருபத்திரண்டு வருசம் கை இதத்தான் பழகுச்சு. செல்லமுத்து அண்ணன் போன வருசம் வாங்குனாரே ஜெர்மன் பழசு, அது அப்படியே தலைகீழ். பிடிய கீழ தள்ளுனா, குண்டத் தட்டுற சுத்தியல் தானா எறங்கி லாக் ஆயிடும். மேல இருந்தாத்தான் சுடும்."

அந்தத் துப்பாக்கி வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேரும் என் கடை வாசலிலேயே வாக்குவாதம் செய்தார்கள். உள்ளே குண்டு இருக்கும்போது சுத்தியல் தானாக விழுகிற துப்பாக்கியை எவன் நம்புவான் என்றார் சவரியப்பன். விரலால் பிடித்து இறக்கும்போது நழுவினால் என்ன செய்வாய், அதற்காகத்தானே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்றார் செல்லமுத்து. சுத்தியல் இறங்கியிருந்தால் டிரிக்கர் கனமாக இருக்கும், அதுவே காவல், பிடி மேலேயே கிடக்கட்டும் என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். சவரியப்பனுக்கு மனசே ஆகவில்லை. காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு தினமும் நூறு முறை கட்டைவிரலைப் புது மாதிரி பழக்கினார். கட்டைவிரலுக்குக்கூட ஸ்கூல் நடத்துகிறார் என்று பவுலின் கேலி செய்வாள்.

"அன்னிக்கு பிடி மேலதான் இருந்துச்சு. சும்மா அமுத்தியிருந்தாலே சுட்டிருக்கும். ஆனா எடுத்த வேகத்துல கட்டைவிரல் பழைய மாதிரி பிடிய கீழ இஸ்துடுச்சு. சுடறதுக்குத்தான் இஸ்துச்சு. அது லாக் ஆயிடுச்சு. அப்புறம் பாத்தா சிகப்புப் புள்ளி மறைஞ்சு கீது. அது மறைஞ்சா சுடாதுண்ணே." ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார். "கொழந்தையக் காப்பாத்த ஓடுனவன நான் கொன்னுட்டேன். குண்டுதான் வரல."

மாதா கோயில் சாமியாரிடம் மண்டியிட்டுச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டாராம். அவர் ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பவுலின், கடவுள் காப்பாற்றினார், வாயைத் திறக்காதீங்க என்றாளாம். நானும் அதையேதான் சொன்னேன். "நடக்காததுக்கு இன்னாத்துக்கு சவரி பஞ்சாயத்து? பேசாம போய் மடியில வச்சிக்க" என்றேன். அப்போது அது பெரிய புத்திசாலித்தனமாகத் தோன்றியது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அந்தப் புள்ள என் மடியில ஒக்காரும்ணே. தெரிஞ்சு ஒக்கார வைக்கட்டும்" என்றார்.

காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சீர்த்தட்டோடு கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். பவுலின் வரவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து தட்டை நான் பிடித்துக்கொண்டேன். பட்டுப் பாவாடை, வளையல், வாழைப்பழம். வழியெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். காற்றில் காது கேட்கவில்லை என்பதுபோல ஓட்டினார்.

வாசலில் வண்டி நின்றதுமே தமிழ்மொழி ஓடிவந்து, அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் மடியில் ஏறிக்கொண்டாள். கைக்கடிகாரத்தின் வாரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். தேவிப்ரியா டீ கொண்டுவந்தாள்.

"அண்ணி வரலையாண்ணே?"

"நாளிக்கு வரும்மா," என்றவர் உடனே, "அத்த அப்புறம் பாக்கலாம். மொதல்ல ஒண்ணு சொல்லணும்" என்றார்.

சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பட்டாளத்தில் மேலதிகாரியிடம் ஒப்பிப்பது போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். வீரமணி முதலில் சிரித்தான்.

"சும்மா இரு மச்சான். நீயாவது, என்னச் சுடறதாவது."

"இல்ல வீரமணி. மெய்தான்."

வீரமணி என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன். அவன் சிரிப்பு போய்விட்டது.

"புள்ளையத் தூக்கத்தான ஓடுனேன்?"

"எனக்கு புள்ள தெரியல. கொடுவாதான் தெரிஞ்சுது."

"அமுத்துனீங்களா?"

"அமுத்துனேன்."

தமிழ்மொழி இன்னும் கடிகார வாரோடு போராடிக்கொண்டிருந்தாள். பிறகு வீரமணி ஏன் அப்படிக் கேட்டான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஒரு வாட்டிதானா?"

சவரியப்பன் என் பக்கம் ஒருமுறை திரும்பினார்.

"ரெண்டு வாட்டி. மொத வாட்டி சுடலன்னதும் திரும்ப அமுத்துனேன். அதுக்குள்ள நீ என்னத் தாண்டிட்ட. அப்ப உன் முதுகுதான் தெரிஞ்சுது."

இதை அவர் என்னிடமும் சொல்லியிருக்கவில்லை. பவுலினிடம் சொல்லியிருப்பாரா என்பதும் சந்தேகம்.

தேவிப்ரியா கத்தவில்லை, அழவில்லை. கிட்டே வந்து குனிந்து, கடிகார வாரைப் பிடித்திருந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து, "மாமாகிட்ட வுடு" என்று பிள்ளை அழுவது கேட்டது. வீரமணி சீர்த்தட்டை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"இருட்டறதுக்குள்ள கெளம்புங்க சார்" என்று அவரிடம் சொன்னான்.

மறுநாள் காதுகுத்துக்கு நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் கடையைத் திறந்தபோது சவரியப்பன் வாசலில் நின்றிருந்தார்.

"அழுதுச்சாண்ணே?"

"அழுதா. அவங்கப்பன் மடியிலதான் ஒக்கார வச்சாங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். மனுவைக் கேட்டார். அந்த மூன்று வார்த்தைகளை எடுத்துவிட்டு, "கைப்பழக்கம் மாறிய காரணத்தால்" என்று நானே அடித்து வைத்திருந்தேன். ரொம்ப நாகரிகமாக எழுதிவிட்டதாக எனக்கு ஒரு பெருமை. அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"கைய ஏண்ணே இதுல இழுக்கற? அன்னிக்கு தப்பு பண்ணாதது அது ஒண்ணுதான்."

அந்த வரியை அழித்தேன். வேறு காரணம் எழுத எனக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை. காரணம் இல்லாமலேயே மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.